என்ன வார்த்தை சொன்னார்

பதினொன்று ஐந்துக்கு இளமதி விசாரணை அறைக்குள் போனாள், கதவு அவள் முதுகுக்குப் பின்னால் ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது, வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் மங்கையர்க்கரசி மட்டும் மிஞ்சினாள். அடுத்தது அவள்தான். அரை மணி நேரம் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம் என்று மேலாளர் ஜோதிலிங்கம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடலூரின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள், மூன்றாம் மாடிக்கு வந்தது இதோடு மூன்று தடவையோ நான்கு தடவையோ. அவள் உலகம் தரைத்தளத்தில், ரத்த வங்கியில், பகலிரவு முனகிக்கொண்டிருக்கும் குளிர்பெட்டிகளுக்கு நடுவில். இங்கே முனகல் இல்லை. தரை துடைத்த மருந்தின் எலுமிச்சை வாசனை, எங்கேயோ லிஃப்ட் வந்து நிற்கும் மணி, அவ்வளவுதான். மடியில் கடிதம். நாலாக மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து வெளுத்துப் போயிருந்தது. பணியிடத்தில் பாகுபாடு காட்டப்பட்டதாக இளமதி கொடுத்த புகாரில் தாங்கள் சாட்சி. எதிர்த்தரப்பினர் பயன்படுத்திய வார்த்தைகளை, நினைவில் உள்ளபடி, மாற்றாமல் தெரிவிக்கவும். மாற்றாமல். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் அவள் கண் நின்றுவிடும். என்ன வார்த்தையை மாற்றாமல் சொல்வது? வார்த்தை என்று ஒன்று இருந்தால்தானே. திட்டியிருந்தால் எவ்வளவு சுலபம், அந்த நாலெழுத்தை அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடலாம். பாகுபாடு என்ற சொல்லையே அவள் வாயால் சொன்னதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது வெல்லப் பாகு ஞாபகம்தான் வந்தது. அவர்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசவில்லை. அவர்கள் தெருவில் இதற்குப் பேரே இல்லை, தினம் நடப்பதற்கு யார் பேர் வைப்பார்கள், மூச்சு விடுகிறேன் மூச்சு விடுகிறேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு மறுநாள் ஆபரேஷன். அவருக்காக ரத்தம் கொடுக்க அவர் மகன் ராஜவேலு கீழே வந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான பேச்சு. வரும்போதே செருப்பை வெளியே விடணுமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். இளமதி அவரைக் கட்டிலில் சாய்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, கையில் கட்டும் பட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். இளமதிக்கு இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து இரண்டு வருஷம், நரம்பு கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த வங்கியில் ஆளில்லை, அரசிகூட இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ காத்தமுத்து மவதானே?" என்றார். "ஆமாங்க," என்றாள் இளமதி. "படிச்சிட்டியா? நல்லது, நல்லது," என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். "ஒரு நிமிஷம்மா, டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்." டாக்டர் சந்தானகிருஷ்ணனின் அறை பக்கத்திலேயே இருந்தது, கதவு எப்போதும்போல ஒரு சாண் திறந்திருந்தது. அரசி குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். இளமதி பட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். இரண்டு பேருக்கும் கேட்டது. "தப்பா எடுத்துக்கக் கூடாது டாக்டர். அந்தப் பொண்ணு எங்க ஊருதான். அதாவது, ஊரு இல்ல. உங்களுக்குப் புரியும்." டாக்டர், "புரியுது, புரியுது," என்றார். வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "இளமதி, நீ ரெக்கார்ட் ரூமுக்குப் போம்மா, அங்க நிறைய வேலை கெடக்கு. அரசி, நீங்க பாருங்க," என்றார். அவ்வளவுதான். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. ரத்ததானம் உயிர்தானம், ரத்தத்துக்குச் சாதியில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குக் கீழேதான் இவ்வளவும் நடந்தது. அதை நினைத்து யாராவது சிரிக்கலாம், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இளமதி பட்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாரத்துக்கு என்றார்கள், பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகிறவரைக்கும் என்றார்கள், பிறகு எதுவும் சொல்வதை விட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக அவள் ரெக்கார்ட் அறையில் பழைய பதிவேடுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊரு இல்ல. இதைப் போய் உள்ளே சொன்னால் என்ன கேட்பார்கள்? ஊர் இல்லை என்றால் என்னம்மா அர்த்தம், அவள் வேறு ஊரா, பக்கத்து ஊரா என்று கேட்பார்கள். இதில் என்ன தப்பான வார்த்தை இருக்கிறது, ஊர் கெட்ட வார்த்தையா, இல்லை கெட்ட வார்த்தையா? பண்ருட்டிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த இடத்தில் ஊர் என்றால் அந்தப் பக்கம். தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம், கோயிலும் குளமும் பள்ளிக்கூடமும் இருக்கிற பக்கம். இந்தப் பக்கம் இருந்தது காலனி. "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள். அப்படியென்றால் நாம் இருப்பது எதற்குள் என்று அரசி ஒரு நாளும் கேட்டதில்லை. ஓட்டர் அட்டையில், ரேஷன் அட்டையில், மணியார்டர் பாரத்தில் எல்லாம் அதே ஊர்ப் பெயர்தான். பேச்சில் மட்டும் அவர்கள் அந்த ஊர் இல்லை. அப்பா தபால்காரர். காக்கிச் சட்டையும் சைக்கிளும் சர்க்கார் பையுமாக ஊருக்குள் போவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அரசி அவர் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். எந்த வீட்டு வாசலிலும் யாரும் அவரிடம் கொடு என்று சொன்னதில்லை. "வச்சிட்டுப் போ." அதுதான் வார்த்தை. கை நீட்ட மாட்டார்கள், படியைக் காட்டுவார்கள், அவர் கடிதத்தை வைத்துவிட்டு, காற்றடித்தால் பறக்காமல் ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டு வருவார். கல்லை வைத்தவர் அவர், அவரை யாரும் கல் வைக்கச் சொன்னதில்லை. கொடு என்பதற்கும் வை என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது, அதற்கு ஏதாவது பேர் இருந்தால் இன்றைக்கு உதவியாக இருக்கும். அப்பா திட்டு வாங்கியவரில்லை. "மரியாதையாத்தான் நடத்துறாங்க," என்பார். வா போ என்று கூப்பிடும் பத்து வயதுப் பையன்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். மகளுக்கு மட்டும் யாரையும் கேட்காமல் இவ்வளவு நீளமான பேரை வைத்தார். மங்கையர்க்கரசி. கூப்பிடும்போதாவது அரசி என்று கூப்பிடட்டும் என்றாராம்.

அந்தப் பேர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வேலையில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், அப்போது சீனியராக இருந்த ஒரு அம்மாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "மங்கையர்க்கரசியா, தேவாரம் படிக்கிற குடும்பமா, சைவமா நீங்க?" என்று கேட்டார். அரசி இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை எப்படியோ ஆட்டினாள், அது மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு டப்பாவில் தயிர்சாதம் இருந்தது தற்செயல். பிறகு பத்தொன்பது வருஷம் தயிர்சாதம் இருந்தது தற்செயல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் திங்கட்கிழமை காலையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கைகழுவி, கையை முகர்ந்து பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் கேட்கவில்லை, கேட்காததை எப்படிச் சொல்வது என்று அவளுக்குள் ஒரு வக்கீல் இருந்துகொண்டு வாதாடுவான். தனியார் ஆஸ்பத்திரி, சாதிச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைக்கும் இடமில்லை. அவள் கணவன் குலசேகரன் மின்வாரியத்தில் இருக்கிறார், அவர் ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரியும். "எனக்கு அங்க முதுகுக்குப் பின்னால ஒரு பேரு இருக்கு அரசி. கோட்டா. கோட்டா வந்துட்டாரா, கோட்டா லீவான்னு. உனக்கு அதுகூட இல்ல. நீ நல்லா இரு," என்பார். அதில் கேலி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை. வீட்டுக்காரம்மா ஒருத்தி இருக்கிறாள், மாடியை வாடகைக்குக் கொடுக்கும்போது, "நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான் குடுக்கறது," என்றாள். நம்ம மாதிரி. அந்த நம்மவில் அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போய்ச் சாட்சி சொன்னால், அதுவும் அந்த ஊரு இல்லைக்கு அர்த்தம் சொன்னால், உனக்கெப்படிம்மா தெரியும் என்று ஒரு கேள்வி வரும். வராமல் இருக்காது. அந்தக் கேள்வி இந்த மாடியில் நிற்காது. படி இறங்கும், ரத்த வங்கிக்குப் போகும், பஸ் ஏறும், வீட்டுக்காரம்மாவின் கேட்டைத் தட்டும்.

நேற்று மகள் ஆதிரை சென்னையிலிருந்து போன் செய்தாள். சமூகப்பணி படிக்கிறாள், இரண்டாம் வருஷம், எதையும் ஒளிக்காத பெண். சேர்ந்த முதல் நாளே வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். "உனக்கு பயமா இல்லையா?" என்று அரசி கேட்டதற்கு, "பயமாத்தான் இருந்துச்சு, அதனாலதான் மொத நாளே சொல்லிட்டேன்," என்றாள். விசாரணை என்று சொன்னதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அம்மா, இதுக்கெல்லாம் தனித்தனியாப் பேரு இருக்கும்மா. நேரடிப் பாகுபாடு, மறைமுகப் பாகுபாடு. எல்லாருக்கும் ஒரே விதின்னு போட்டு ஒருத்தர மட்டும் அடிக்கிறது ஒண்ணு. புகார் குடுத்தவளப் பழிவாங்கறது ஒண்ணு. நேரா சொல்லாம, சாதாரணமாப் பேசற மாதிரியே குத்திக்கிட்டே இருக்கறதுக்குக்கூட ஒரு பேரு இருக்கு. நீங்க பாத்தது எது தெரியுமா..." அவள் சொல்லச் சொல்ல அரசி காகிதத்தில் எழுதிக்கொண்டாள். எழுதிப் பார்த்தால் எல்லாம் மருந்துக்கடைப் பெயர் மாதிரி இருந்தது, அதது அதன் பெட்டியில், அதன் மேல் சீட்டு. அப்பாவின் வாசல் படியை எந்தப் பெட்டியில் வைப்பது? அவள் அக்காவைக் கருவாச்சி என்றும் அவளைச் செவப்பி என்றும் சொந்த அத்தையே கூப்பிட்டது எந்தப் பெட்டி? கல்யாண வயதில் அக்காவுக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லாம், அவர்களும் காலனிக்காரர்கள்தான், தங்கச்சி இருக்குதா என்று கேட்டார்களே, அது? ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாப் பேரையும் எழுதி முடித்த பிறகு ஒரு கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தன் மாதிரியே இருக்கிற ஒருத்தியை ஒதுக்கும்போது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, ஒதுக்காத பக்கத்தில் தானும் நிற்பது. அதற்கு என்ன பேர் ஆதிரை? கேட்கவில்லை. "சரிம்மா, பத்திரமா இரு, வேளைக்குச் சாப்பிடு," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

லிஃப்ட் மணி அடித்தது. யாரோ இறங்கிப் போனார்கள். கதவு திறக்கவில்லை, உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமும் வரவில்லை. மணி பதினொன்று இருபத்திரண்டு. இதுவரைக்கும் அவள் நினைத்துப் பார்த்ததிலெல்லாம் ஒரு இடத்தை விட்டுவிட்டுத்தான் நினைத்துப் பார்க்கிறாள், அது அவளுக்கே தெரியும். இளமதி பட்டையை வைத்துவிட்டுப் போனாள் என்பதோடு நிறுத்திவிடுவாள். குலசேகரனிடம் சொன்னபோதும் அங்கே நிறுத்தினாள், ஆதிரையிடமும் அங்கே நிறுத்தினாள். அதற்கப்புறமும் நடந்தது. இளமதி போன பிறகு ராஜவேலு மறுபடி கட்டிலில் சாய்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். அரசி பட்டையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள், அந்தப் பட்டையில் இளமதியின் உள்ளங்கை ஈரம் இன்னும் இருந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நெற்றியை, நெற்றியில் இருந்த விபூதிக் கீற்றை, நிறத்தை, எல்லாவற்றையும் ஒரு பார்வையில் பார்த்தார். "நீங்க குத்துங்கம்மா. பாத்தாலே தெரியுது, நம்ம வீட்டு ஆளாட்டம் இருக்கீங்க," என்றார். அவள் சிரித்தாள். பயத்தில் சிரித்தாள் என்று சொல்லலாம், வேலையில் பழகிப்போன சிரிப்பு என்று சொல்லலாம், எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதுவும் இல்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. நல்ல வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குளிர்ந்தது. பத்தடி தூரத்தில் ரெக்கார்ட் அறைக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் குளிர்ந்தது. பிறகு பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தடவிப் பார்த்தாள், ஊசியை இறக்கினாள். "வலியே தெரியல, கைராசி உங்களுக்கு," என்றார் அவர். பை நிரம்பும்வரைக்கும் பெரியவருக்கு எப்படி அடிபட்டது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஈரக் களத்தில் வழுக்கி விழுந்தாராம். பாவம், வயசான காலத்தில் என்றாள். உண்மையாகவே பாவமாக இருந்தது. அதுதான் இன்னும் மோசம், உண்மையாகவே அவளுக்கு எல்லோர்மேலும் பாவமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் இளமதி சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அரசி ரெக்கார்ட் அறைக்குப் போனாள், ஏதோ பதிவேடு தேடுகிற மாதிரி. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "ஆச்சு மேடம்," என்றாள் இளமதி, தலை நிமிராமல் சீட்டுக்குப் பசை தடவிக்கொண்டே. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "பசை கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விட்டுக்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். பத்தொன்பது வருஷம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் அந்த நேரத்துக்கு அவளுக்குக் கிடைத்தது பசைக்குத் தண்ணீர் விடு. இளமதி புகார் எழுதிக் கொடுத்ததே அவளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தெரியும், இந்தக் கடிதம் வந்தபோது. சாட்சி என்ற இடத்தில் தன் பேர் ஒன்றுதான் இருந்தது. ஏன் என் பேரைப் போட்டாய், வேறு ஆளா இல்லை, வாட்ச்மேன் இருந்தார், க்ளீனிங் அக்கா இருந்தாள் என்று கோபம்கூட வந்தது. கோபம் வந்ததற்காக வெட்கம் வந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இத்தனை நாள் கிடந்தன. சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் இருக்கிறது. சரியாகக் கேட்கவில்லை, குளிர்பெட்டிச் சத்தம் என்று சொன்னால் நம்புவார்கள். இல்லை, சொல்லிவிடலாம். ஊரு இல்லை என்று சொன்னார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம், அர்த்தம் கேட்டால் தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்று எப்படிச் சொல்வது?

கதவு திறந்தது. இளமதி வந்தாள், கையில் ஒரு உறை. அழுத முகமாக இல்லை, தூங்கி எழுந்த முகமாக இருந்தது. நேராக நடந்து போய்விடுவாள் என்று நினைத்தாள் அரசி. வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "முடிஞ்சிடுச்சு மேடம். வாபஸ் வாங்கிட்டேன்," என்றாள். அரசிக்கு முதலில் அந்தச் சொல்லே உறைக்கவில்லை. "எதை?" என்று கேட்டாள். "புகாரை. தவறான புரிதல் காரணமாகன்னு அவங்களே டைப் அடிச்சு வச்சிருந்தாங்க. கையெழுத்துப் போட்டேன். சிதம்பரம் கிளையில ரத்த வங்கியிலேயே வேலை தராங்களாம், திங்கக்கிழமை போய்ச் சேரணும்." "ஏன் இளமதி? இவ்வளவு தூரம் வந்துட்டு..." இளமதி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முந்தாநாள் ராஜவேலு வீட்லேர்ந்து ரெண்டு பேர் எங்க அப்பாவப் பாக்கப் போயிருக்காங்க. ஒண்ணும் சொல்லல மேடம். திட்டல, மிரட்டல. 'பொண்ணு டவுன்ல நல்லாருக்கா, தனியாவா பஸ்ல வந்து போவுது'ன்னு கேட்டாங்களாம். தண்ணி குடிக்கிறீங்களான்னு எங்க அப்பாரு கேட்டதுக்கு வேணாம்னுட்டுப் போயிட்டாங்களாம். அதுலேர்ந்து அப்பா சாப்பிடல. இத நான் எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்றது? நல்லாருக்காளான்னு கேட்டாங்கன்னா?" அரசி அவள் கையைப் பிடித்தாள். அவ்வளவு தூரம் அவள் போனதில்லை, இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, இப்போதே, இவளிடமாவது. "இளமதி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நானும்..." இளமதி அவளை முடிக்க விடவில்லை. "தெரியும்க்கா," என்றாள்.

மேடம் இல்லை. அக்கா. "எங்க சின்னம்மா நீங்க பொறந்த தெருவுலதான் வாக்கப்பட்டிருக்கு. நான் வேலைக்குச் சேந்த மொத வாரமே சொல்லிச்சு, போஸ்ட்மேன் ஐயா பொண்ணு அங்கதான் இருக்கு, ஒத்தாசையா இருக்கும்னு." "அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை..." "நீங்க சொல்லலியேக்கா. நீங்களே வெளிய சொல்லாதத நான் எப்படி எடுக்கறது? ஒங்களுக்கு என்ன கஷ்டமோன்னு இருந்துட்டேன்." அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி இருந்திருந்தால் அரசி தாங்கியிருப்பாள். இல்லை. "அதனாலதான் ஒங்க பேரப் போட்டேன். வேற யாருக்குக் காதுல விழுந்திருந்தாலும் அந்த 'ஊரு இல்ல'ன்றது புரிஞ்சிருக்காது. ஒங்களுக்குத்தான் புரியும். உள்ள ரெண்டு தடவ கேட்டாங்க, ஏன் இந்த அம்மாவை மட்டும் சாட்சியாப் போட்டேன்னு. பக்கத்துல நின்னாங்க, அதான்னு சொல்லிட்டேன். பயப்படாதீங்க." எழுந்துகொண்டாள். "ஒங்களைக் கூப்பிடுவாங்க, சும்மா ஒரு கையெழுத்துதான். பன்னெண்டு பத்துக்கு பஸ் இருக்கு, நான் கெளம்பறேன்." லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போயிற்று. பயப்படாதீங்க. இருபத்தாறு வயதுப் பெண், இங்கே இருந்த இடம் போய், நியாயம் போய், படி இறங்கும்போதும் அவளுடைய ரகசியத்தைக் கீழே போட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு போகிறாள். இரண்டு வருஷமாகத் தயிர்சாதத்தைப் பார்த்திருக்கிறாள். விபூதியைப் பார்த்திருக்கிறாள். ஒத்தாசை. அவள் சின்னம்மா சொல்லி அனுப்பிய வார்த்தை ஒத்தாசை. பசைக்குத் தண்ணீர் விடு என்றேனே.

"மங்கையர்க்கரசி மேடம், வாங்க," என்று ஜோதிலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுத் தலைவி வசந்தகோகிலம் உட்கார்ந்திருந்தார், ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், கனிவான முகம். ஓரத்தில் டாக்டர் சந்தானகிருஷ்ணன். கம்ப்யூட்டருக்கு முன்னால் டைப் அடிக்கும் பெண் ஒருத்தி. "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. ஒங்களுக்குச் சிரமமே இல்ல, புகார் வாபஸ் ஆயிடுச்சு. கோப்பை மூடறதுக்கு ஒரு கையெழுத்து மட்டும்," என்று தலைவி ஒரு காகிதத்தை நகர்த்தினார். எதிர்த்தரப்பினர் ஆட்சேபத்துக்குரிய வார்த்தை எதையும் பயன்படுத்தியதாகத் தான் கேட்கவில்லை என்று சாட்சி தெரிவித்தார். கீழே அவள் பேர், முழுப் பேர். அரசி படித்தாள். பேனாவை எடுக்கவில்லை. "நான் கேட்டேன்ம்மா," என்றாள். "என்ன கேட்டீங்க?" "'எங்க ஊருதான், அதாவது ஊரு இல்ல'ன்னு அவர் டாக்டர்கிட்ட சொன்னார்." தலைவி டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுல என்னம்மா இருக்கு?" என்றார் தலைவி, உண்மையாகவே தெரியாமல். "ஊரு இல்லைன்னா காலனின்னு அர்த்தம்மா." "மேடம், அப்படியெல்லாம் நாமளா அர்த்தம் பண்ணிக்கக் கூடாது," என்று ஜோதிலிங்கம் குறுக்கிட்டார், "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கேள்வி வந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக எந்த வாசலில் வருமோ என்று பயந்துகொண்டிருந்தது, மேசைமேல் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் சாதாரணமாக வந்து நின்றது. "நானும் காலனிக்காரிதான் சார்," என்றாள். தன் சாதிப் பேரையும் சொன்னாள், தெளிவாக, ஒரு எழுத்து விடாமல். டைப் அடிக்கும் பெண் பழக்கத்தில் அதையும் அடித்துக்கொண்டே போனாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவள் பார்க்கும்போது ஜன்னலைப் பார்த்தார். தலைவிதான் முதலில் பேசினார், குரலைத் தாழ்த்தி, மேசைமேல் கொஞ்சம் சாய்ந்து. "இது வேண்டாம்மா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். புகார் குடுத்த பொண்ணே வாபஸ் வாங்கியாச்சு, இனிமே இதனால யாருக்கு என்ன? இத்தனை வருஷம் கௌரவமா இருந்துட்டீங்க." டைப் அடிக்கும் பெண்ணின் பக்கம் திரும்பி, "கடைசி நாலு வரி வேணாம்மா, எடுத்துடு," என்றார். அந்தப் பெண் ஒரே பொத்தானைத் தட்டத் தொடங்கினாள். அழிகிற ஓசை, எழுத்து எழுத்தாக, வெகுநேரம் கேட்டது. பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. இளமதி இந்நேரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பாள், இங்கே என்ன சொன்னாலும் அவளுக்கு எட்டாது, எதுவும் அவளுக்குத் திரும்பாது. ஓசை நின்றது. "திரும்ப அடிங்கம்மா," என்றாள் அரசி அந்தப் பெண்ணிடம், "நான் மெதுவாச் சொல்றேன்." அந்தப் பெண் தலைவியைப் பார்த்தாள், கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரசி ஆரம்பத்திலிருந்து சொன்னாள், எழுதுகிறவர்களுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வதுபோல. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இளமதி பட்டையை எடுத்துக்கொண்டு போனது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஊரு இல்ல. புரியுது, புரியுது. ரெக்கார்ட் ரூம். ஜோதிலிங்கம் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். "அப்புறம் அவர் என்னைப் பார்த்து, நம்ம வீட்டு ஆளாட்டம் இருக்கீங்கன்னு சொன்னார்," என்றாள். யாரும் எழுதாத அந்த அறையில், அந்தப் பெண்ணின் சும்மா கிடந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு நான் சிரிச்சேன்ம்மா," என்றாள். "அதையும் போட்டுக்குங்க."